நம் உடம்புக்குள் ஒரு சுழல் நிதி
(உடல்நலப் பாடம்: செல் பிரிதலும் ஸ்டெம் செல்லும்)



"தொப்புள் கொடி இரத்தத்தைச் சேமிச்சு வச்சா, பிள்ளைக்குப் பின்னாடி எந்த நோய் வந்தாலும் குணமாக்கிடலாமாமே, நெசமா?" குழுக் கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணம் புரிந்தால்தான், நாளைக்கு வேறு ஒருவர் வேறு ஒரு நோட்டீஸோடு வாசலில் வந்து நிற்கும்போது நாமே பதில் சொல்ல முடியும். அதனால் இந்த இதழில் செல் என்றால் என்ன, அது எப்படிப் பிரிகிறது, ஸ்டெம் செல் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று வரிசையாகப் பார்ப்போம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட்டத்தில் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசலாம்.

செல் என்றால் என்ன?

வீட்டுச் சுவர் செங்கல் செங்கல்லாகக் கட்டப்பட்டது போல, நம் உடம்பு செல்களால் ஆனது. தமிழில் உயிரணு என்போம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியது. 1665-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த இராபர்ட் ஹூக் என்பவர் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். சின்னச் சின்ன அறைகள் மாதிரி தெரிந்தன. அவற்றுக்கு அவர் வைத்த பெயர்தான் 'செல்'. ஒரு மனித உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

செங்கல்லுக்கும் செல்லுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செங்கல் உடைந்தால் உடைந்ததுதான். செல் உயிருள்ளது. அது சாப்பிடும், வேலை செய்யும், தேய்ந்து சாகும், தன்னைப் போல இன்னொன்றை உண்டாக்கும். கதிர் அறுக்கும்போது விரலில் அரிவாள் பட்டால் ஒரு வாரத்தில் காயம் ஆறி மூடிக்கொள்கிறதே, அது செல்கள் பிரிந்து பெருகியதால்தான்.

ஒன்று இரண்டாவது எப்படி?

நம் குழுவில் 20 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. இன்னும் பத்துப் பேர் வந்தால் இரண்டாவது குழு ஆரம்பிக்கிறோம். அப்போது முதலில் என்ன செய்வோம்? குழு விதிமுறைகளைப் பிரதி எடுப்போம். விதிமுறை இல்லாமல் புதுக் குழு நடக்காது.

செல்லும் அப்படித்தான். ஒவ்வொரு செல்லின் நடுவிலும் நம் உடம்பு எப்படி இருக்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்ற விவரம் 46 நூல்கள் போல இருக்கிறது. இவற்றைக் குரோமோசோம்கள் என்கிறோம். 23 அம்மாவிடமிருந்து வந்தவை, 23 அப்பாவிடமிருந்து வந்தவை. செல் பிரிவதற்கு முன் 46-ஐயும் அப்படியே பிரதி எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு பிரதி இந்தப் பக்கம், ஒரு பிரதி அந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டு, நடுவில் சுருங்கி இரண்டாகிவிடும். இரண்டிலும் 46 இருக்கும்.

எல்லாச் செல்லும் ஒரே வேகத்தில் பிரிவதில்லை. குடலின் உள்தோல் சில நாட்களிலேயே புதிதாகிவிடுகிறது. நம் மேல்தோல் புதிதாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இரத்தத்தின் சிவப்பு அணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அது தீரத் தீரப் புதியது வேண்டுமே! அதனால் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பு அணுக்களை நம் உடம்பு தயாரித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் மூளை நரம்புச் செல்லும் இதயத் தசைச் செல்லும் பெரியவர்களிடம் பிரிவதே மிக அரிது. பக்கவாதமும் மாரடைப்பும் விட்டுச் செல்லும் சேதம் எளிதில் சரியாகாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு பிரதி எடுக்கச் சத்து வேண்டும். அதற்கு முக்கியமானது ஃபோலிக் அமிலம். கருவில் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போனது பலருக்கு அப்போதுதான் உறைக்கும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிடச் சொல்கிறார்கள். செவிலியர் தரும் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்காதீர்கள்.

பெண் குழந்தை பிறப்பது யாரால்?

முட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது மட்டும் வேறு மாதிரியான பிரிதல் நடக்கிறது. அதில் 46 பாதியாகி 23 ஆகும். முட்டையின் 23-ம் விந்தணுவின் 23-ம் சேர்ந்து குழந்தைக்கு மறுபடியும் 46.

இந்த 46-ல் இரண்டு, ஆணா பெண்ணா என்று முடிவு செய்பவை. பெண்ணிடம் இருப்பது இரண்டும் எக்ஸ். ஆணிடம் ஒன்று எக்ஸ், ஒன்று ஒய். ஆகவே தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ்தான் இருக்கும். தகப்பனின் விந்தணுவில் எக்ஸ் வந்தால் பெண், ஒய் வந்தால் ஆண். தாயிடம் ஒய் என்பதே கிடையாது. "மூணும் பொட்டையாப் பெத்துட்டா" என்று மருமகளைப் பேசும் வீடுகளில் இந்தப் பத்தியைச் சத்தமாகப் படியுங்கள். தகப்பனையும் திட்ட வேண்டாம். எது வரும் என்பது அவர் கையிலும் இல்லை.

கணக்கு மீறினால்?

செல்லுக்குள் 'பிரி' என்று சொல்லும் கட்டளையும் இருக்கிறது, 'நிறுத்து' என்று சொல்லும் கட்டளையும் இருக்கிறது. பிரதி எடுப்பதில் பிழைகள் சேர்ந்து, நிறுத்தும் கட்டளை கெட்டுப்போனால், அந்தச் செல் கேட்பாரின்றிப் பெருகும். அதுதான் புற்றுநோய். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிற வியாதி இல்லை. அவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம். புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்துகள் பல வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குபவை. மயிர்க்கால், வாய், குடல் இவற்றின் செல்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் முடி திரும்ப முளைக்கும்.

ஸ்டெம் செல் என்பது எது?

இரவு பாலுக்கு உறை ஊற்றுகிறோம். மறுநாள் தயிர் முழுவதையும் தீர்த்துவிடுவதில்லை. அடுத்த உறைக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்கிறோம். அந்த ஒரு கரண்டி இருக்கும்வரை வீட்டில் தயிருக்குப் பஞ்சமில்லை.

உடம்பிலும் இப்படி எடுத்து வைத்த செல்கள் உண்டு. அவைதான் ஸ்டெம் செல்கள். குருத்துச் செல் என்றும் சொல்கிறார்கள். தோல் செல், இரத்தச் செல் போல இவற்றுக்கு இன்னும் தனி வேலை ஒதுக்கப்படவில்லை. ஒரு ஸ்டெம் செல் பிரியும்போது, ஒன்று வேலைக்குப் போய் இரத்த அணுவாகவோ தோலாகவோ மாறும். இன்னொன்று ஸ்டெம் செல்லாகவே தங்கிவிடும். முதல் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் நம் குழுவின் சுழல் நிதி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் முக்கியமான ஒரு விஷயம்: இரத்தத்தின் ஸ்டெம் செல் இரத்தச் செல்களைத்தான் உண்டாக்கும், தோலின் ஸ்டெம் செல் தோலைத்தான் உண்டாக்கும். எல்லாவற்றையும் உண்டாக்கக் கூடியவை கரு உண்டான முதல் சில நாட்களில் மட்டுமே இருக்கின்றன. 2006-ல் ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனகா, வளர்ந்த எலியின் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுவந்து காட்டினார். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் உலகம் முழுவதும் ஆராய்ச்சி நடக்கிறது. ஆராய்ச்சி வேறு, நம் ஊர் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் வைத்தியம் வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இன்று உண்மையிலேயே பயன்படுவது எங்கே?

1. இரத்த நோய்கள்: நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தின் நாற்றங்கால். இரத்த ஸ்டெம் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. சில வகை இரத்தப் புற்றுநோய், மஜ்ஜையே வற்றிப்போகும் நோய், பிறவியிலேயே வரும் தலசீமியா போன்றவற்றுக்கு, நோயாளியின் கெட்ட மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, நல்ல ஆளிடமிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைச் செலுத்துகிறார்கள். இரத்தம் ஏற்றுவது போல நரம்பு வழியாகத்தான் ஏற்றுவார்கள். அவை தாமே எலும்புக்குள் போய்க் குடியேறி, இரண்டு முதல் நான்கு வாரங்களில் புது இரத்தம் உண்டாக்கத் தொடங்கும். இதற்கு வழிகாட்டிய அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ் 1990-ல் நோபல் பரிசு பெற்றார். நம் தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. இது எளிதான சிகிச்சை இல்லை. கிருமித் தொற்று வரலாம், புதிய செல் நோயாளியின் உடம்போடு சண்டை போடலாம். ஆனாலும் பல குழந்தைகளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய சிகிச்சை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு இடம் உண்டு.

2. கண்: கருவிழியின் ஓரத்தில் வட்டமாக ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேல்தோலை அவைதான் புதுப்பிக்கின்றன. சுண்ணாம்பு பட்டால் அவை வெந்துபோய்ப் பார்வை மங்கிவிடும். ஒரு கண் நன்றாக இருந்தால், அதன் ஓரத்திலிருந்து துளி அளவு எடுத்துக் கெட்ட கண்ணில் வைத்து வளர்க்கிறார்கள். ஐதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனை இந்த வேலையில் உலக அளவில் பெயர் பெற்றது. ஆனால் வருமுன் காப்பதே மேல். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். அமுக்கினால் கண்ணில் தெறிக்கும். பட்டுவிட்டால் கசக்காமல் உடனே சுத்தமான தண்ணீரை ஊற்றி ஊற்றி அரை மணி நேரம் கழுவிவிட்டு, கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விட வேண்டாம்.

3. தீக்காயம்: பெரிய தீக்காயங்களுக்கு, நோயாளியின் சொந்தத் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து ஒட்டும் முறை 1980-களிலிருந்து இருக்கிறது. செலவு அதிகம், சில இடங்களில் மட்டுமே உண்டு.

நாம் கொடுக்க முடியுமா?

முடியும். இதற்கு இரத்த குரூப் பொருந்துவது முக்கியமில்லை. ஹெச்.எல்.ஏ. என்ற வேறு ஒரு பொருத்தம் பார்க்கிறார்கள். கூடப்பிறந்த ஒருவருக்கு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அம்மா, அப்பா பாதி பொருந்துவார்கள். பாதிப் பொருத்தத்திலும் இப்போது சிகிச்சை செய்கிறார்கள். வீட்டில் யாரும் பொருந்தாதபோது வெளியாட்களிடம் தேடுவார்கள். அதற்காக விருப்பம் உள்ளவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. சென்னையில் 2009-ல் தொடங்கிய தாத்ரி அப்படி ஒன்று. 18 முதல் 50 வயது வரை உள்ள, ஆரோக்கியமானவர்கள் பதியலாம். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பொருத்தம் வந்து கூப்பிட்டால், பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, கையிலிருந்து இரத்தம் எடுத்து, ஸ்டெம் செல்லை மட்டும் இயந்திரம் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பிவிடும். சில மணி நேர வேலை. அந்த நாட்களில் உடம்பு வலி, தலைவலி இருக்கலாம். கொடுத்த செல்லை உடம்பு சில வாரங்களில் மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். முதல் குறையாது என்று சொன்னோம் அல்லவா!

தொப்புள் கொடிக்கு வருவோம்

தொப்புள் கொடி இரத்தத்திலும் இரத்த ஸ்டெம் செல் இருப்பது உண்மை. 1988-ல் பாரிஸ் நகரில் எலியான் குளுக்மன் என்ற பெண் மருத்துவர், கடுமையான இரத்தக் குறைபாடு உள்ள 5 வயதுப் பையனுக்குத் தொப்புள் கொடி இரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார். உலகில் இதுவே முதல் முறை. ஆனால் கவனியுங்கள்: அது அந்தப் பையனின் சொந்தக் கொடி இரத்தம் இல்லை. புதிதாகப் பிறந்த அவன் தங்கையுடையது.

காரணம் எளிது. பிறவி நோய் என்றால் கோளாறு எல்லாச் செல்லிலும் இருக்கும். தலசீமியா உள்ள குழந்தையின் கொடி இரத்தத்திலும் அதே தலசீமியா இருக்கும். அதை அந்தக் குழந்தைக்கே திருப்பி ஏற்றி என்ன பயன்? உளுத்த விதையை எடுத்து வைத்து மறுபடி விதைத்த கதைதான்.

அப்படியென்றால் வீட்டுக்கு வந்து கேட்பவர்கள் எதை விற்கிறார்கள்? "உங்க பிள்ளைக்கு, அவனோட சொந்த இரத்தம்" என்றுதான் விற்கிறார்கள். சொந்தக் கொடி இரத்தத்தைத் தானே பயன்படுத்தும் தேவை முதல் 20 வருடத்தில் வருவதற்கான வாய்ப்பு 2,500-ல் ஒருவரிலிருந்து 2 லட்சத்தில் ஒருவர் வரை என்று மருத்துவ அமைப்புகள் சொல்லியிருக்கின்றன. எதிர்காலச் சொந்த உபயோகத்துக்காகச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வீட்டில் ஏற்கனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, தாய் மறுபடி கர்ப்பமாக இருந்தால், புதுக் குழந்தையின் கொடி இரத்தம் மூத்த பிள்ளைக்கு உதவலாம். அதை மருத்துவரே சொல்வார். நோட்டீஸ் கொடுப்பவர் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த இரத்தத்துக்கு முதல் சொந்தக்காரர் குழந்தைதான். குழந்தை பிறந்தவுடன் கொடியை வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் காத்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைக்கு உடனடியாகச் செயற்கை மூச்சு கொடுக்க வேண்டிய அவசரம் இருந்தால் மட்டும் வேறு. அந்த நேரத்தில் கொடியிலிருந்து கூடுதல் இரத்தம் குழந்தைக்குப் போகும். பின்னால் வரும் இரத்தசோகை குறையும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

எங்கள் பகுதியில் ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்காக, ஒரு உறுப்பினர் 60,000 ரூபாய் உள்கடன் கேட்டார். கலர் நோட்டீஸைக் காட்டி, "பிள்ளைக்காகத்தான் கேக்கிறேன்" என்றார். முன்பணமாக 5,000 ஏற்கனவே கட்டியிருந்தார். யாரும் அவரைக் கேலி செய்யவில்லை. ஊக்குநர், "ஒரு வாரம் பொறுங்கக்கா, நர்ஸம்மாவைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்" என்றார். கிராம சுகாதார செவிலியர் அடுத்த கூட்டத்துக்கு வந்து விளக்கினார். கடன் விண்ணப்பத்தை அந்த உறுப்பினரே திரும்ப வாங்கிக்கொண்டார். கட்டிய 5,000 மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் பொறுத்ததால் அந்தக் குடும்பத்துக்கு 60,000 ரூபாய் கடன் மிச்சம்.

"எல்லா நோய்க்கும் ஸ்டெம் செல்" என்றால்?

மூளை வாதம், ஆட்டிசம், சர்க்கரை, பக்கவாதம், மூட்டுவலி, முடி உதிர்தல் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். நகையை அடகு வைத்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தாயின் மனதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த மனதை வைத்து வியாபாரம் செய்வதுதான் தவறு.

2017-ல் வெளிவந்த இந்திய அரசின் ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி, இரத்த நோய்களுக்கான மஜ்ஜை, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைதான் ஏற்கப்பட்ட வைத்தியம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை குறிப்பிட்ட நோய்க்கென்று அனுமதி தந்த ஓரிரண்டு தயாரிப்புகள் இருக்கலாம். மற்றவை எல்லாம் அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் அதில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமும் கூறியது.

மூளை வாதம், வளர்ச்சிக் குறைவு உள்ள குழந்தைகளுக்கு இன்று பயன் தருவது பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, விடாமல் தரும் சிறப்புப் பயிற்சி. பலன் மெதுவாகத்தான் வரும். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள்.

கடன் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எந்த நோய்க்கு இந்தச் சிகிச்சை? ஒரே சிகிச்சை பத்து நோய்க்கு என்றால் எச்சரிக்கை.
2. இது ஏற்கப்பட்ட வைத்தியமா, ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் ஏன் பணம்?
3. அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவரிடம் கேட்டாயிற்றா?
4. காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறதா? வராது என்றால் ஏன்?
5. "இன்றைக்கே கட்டினால் தள்ளுபடி" என்கிறார்களா? நல்ல வைத்தியம் தள்ளுபடியில் வராது.

சந்தேகம் வந்தால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணில் கட்டணம் இல்லாமல் கேட்கலாம்.

குழுவில் பேசுங்கள்

* நம் குழுவில் கர்ப்பிணிப் பெண் உள்ள வீடுகள் எத்தனை? கொடியை வெட்டக் காத்திருப்பது பற்றிப் பிரசவத்துக்கு முன்பே செவிலியரிடம் கேட்டாயிற்றா?
* பெண் குழந்தை பிறந்ததற்காகப் பேச்சு வாங்கும் சகோதரி நம் தெருவில் இருக்கிறாரா? யார் போய்ப் பேசுவது?
* 10,000 ரூபாய்க்கு மேல் மருத்துவக் கடன் கேட்டால், அவசர உயிர்காப்பு தவிர மற்றவற்றுக்கு ஒரு வாரம் விசாரித்த பின்பே தருவது என்று தீர்மான நோட்டில் எழுதலாமா?

உடம்பு தன் முதலைக் குறையாமல் காக்கிறது. உழைத்துச் சேர்த்த முதலை நாமும் அப்படிக் காப்போம். உங்கள் குழு எடுத்த தீர்மானத்தைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எங்களுக்குச் சொல்லுங்கள்.